அம்போசெலியில் யானைக்கு வழி விடுங்கள்

கென்யாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப்போவது என் வேலை. அம்போசெலி தேசியப் பூங்காவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் வண்டியில் யாராவது ஒருவர் கத்துவார்: "அதோ கொம்பன்! கிட்ட போகச் சொல்லுங்க சார்." பார்த்தால் அந்தக் 'கொம்பன்' காலடியில் குட்டி நின்றுகொண்டிருக்கும்.

நம் ஊர்ப் பழக்கம் அது. ஆசியப் பெண் யானைக்கு வெளியே நீண்டு தெரியும் தந்தம் கிடையாது. ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. ஆக, நீங்கள் நெருங்கச் சொல்வது குட்டியோடு நிற்கும் தாயை.

கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் பிடித்த ஆண் என்று நினைப்பதும் அப்படித்தான். அங்கே பரபரப்பானால் பெண் யானைக்கும் வழியும். மதம் பிடித்த ஆண் என்றால் சிறுநீரும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு மதமே கிடையாது என்றுதான் ஆய்வாளர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அம்போசெலி யானைகளைக் கவனித்த ஜாய்ஸ் பூலும் சிந்தியா மோஸும் 1981-இல்தான் உண்டு என்று எழுதினார்கள். மதயானை என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இது வேடிக்கைதான்.

சரி, நிலத்துக்கு வருவோம். பூங்கா 392 சதுர கிலோமீட்டர்தான். மேற்கே வறண்ட ஏரிப்படுகை. காற்றடித்தால் வெள்ளைப் புழுதி. ஆண்டு மழை சுமார் 350 மி.மீ. அப்படிப்பட்ட இடத்தின் நடுவில் பச்சைப்பசேலென்று சதுப்பு நிலம். கிளிமஞ்சாரோவில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடி, இங்கே ஊற்றாகக் கிளம்புகிறது. மலை இருப்பது தான்சானியாவில், ஊற்று கென்யாவில். யானைகள் பல, இரவைப் பூங்காவுக்கு வெளியே புதர்க்காட்டில் கழித்துவிட்டு, காலையில் வரிசையாகச் சதுப்புக்கு வரும். வரும் வழியில் வண்டிப்பாதையைக் கடந்தாக வேண்டும். வம்பு அங்கேதான்.

ஒருமுறை எங்களோடு சேர்த்து ஆறேழு வண்டிகள் பாதையை அடைத்து நின்றோம். முன்னால் வந்த மூத்த பெண் யானை நின்றுவிட்டது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, கீழே வைக்காமல், முன்னும் பின்னும் ஆட்டியது. துதிக்கை நுனி எங்கள் பக்கம் வளைந்து மோப்பம் பிடித்தது. பின்னால் நின்றவை குட்டிகளை நடுவே தள்ளிக்கொண்டன. "டான்ஸ் ஆடுது!" என்று வண்டிக்குள் ஒரே சிரிப்பு. ஆட்டமில்லை, தயக்கம். போவதா திரும்புவதா என்று அதற்குத் தெரியவில்லை. எங்கள் ஓட்டுநர் பேசாமல் பின்னோக்கி எடுத்தார். இடைவெளி கிடைத்ததும் கூட்டம் கடந்தது. கடைசிக் குட்டி ஓட்டமாக ஓடியது.

"முதலில் ஏன் அவ்வளவு கிட்டே போனீர்கள்?" என்று அன்று இரவு அவரிடம் கேட்டேன். "நீங்கள்தானே போகச் சொன்னீர்கள்? முடியாது என்றால் விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள், டிப்ஸும் குறைகிறது" என்றார். தப்பு என் மேல்தான்.

அப்புறம் என் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். 'கிட்ட போ' என்று ஓட்டுநரிடம் யாரும் சொல்லக்கூடாது. பாதையை விட்டு இறங்கச் சொல்வதும் கூடாது. அது பூங்கா விதியும்கூட. யானைகள் வரும் திசை தெரிந்தால், தள்ளியே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். சில நாள் அவை வேறு பக்கம் போய்விடும். சில நாள் வண்டியை ஒட்டியே கடக்கும். அப்போது காது விசிறும் சத்தம்கூடக் கேட்கும்.