மருந்து நெடி மூக்கில் ஏறுது, தண்ணி மட்டும் பச்சை கட்டுது: ஏன்?

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே தமிழக, கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் தென்னந்தோப்புச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நீச்சல் குளம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒன்று விட்டு ஒரு நாள் குளோரின் மாத்திரை போடுகிறோம். கிட்டே போனாலே நெடி. பிள்ளைகளுக்குக் கண் சிவக்கிறது. அப்படியும் மூலையெல்லாம் பாசி. பாலக்காட்டுப் பக்கம் அமீபா என்று வேறு பயமுறுத்துகிறார்கள். இன்னும் கூட்டிப் போடலாமா?"

வேண்டாம். அவர் குளத்தில் குளோரின் குறைவில்லை. இருப்பது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

கணக்குக்காக 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 லிட்டர். இதில் 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின் ஏற 40 கிராம் சுத்தக் குளோரின் வேண்டும். 65 சதவீத கிரானுல்ஸ் (குருணையாக வரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்) என்றால் 62 கிராம், 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவம் என்றால் சுமார் 400 மில்லி. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் குளத்துக்கு ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் வெள்ளைச் சேறாகப் படியும்.

எந்த வடிவில் போட்டாலும் தண்ணீரில் கரைந்ததும் குளோரின் இரண்டு உருவம் எடுக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் வித்தியாசம். ஆனால் கிருமிக்கு அது வாழ்வா சாவா விஷயம். பாக்டீரியாவின் மேல்தோல் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் உடையது. அயனிக்கும் அதே எதிர் மின்னூட்டம். காந்தத்தின் ஒரே முனைகள் போல விலக்கித் தள்ளும், கிட்டவே விடாது. அமிலத்துக்கு மின்னூட்டமே கிடையாது, உருவமும் சின்னது. வாசலில் யாரும் தடுக்காத விருந்தாளி மாதிரி உள்ளே போய், நொதிகளைச் சிதைத்துவிட்டுத்தான் ஓயும். கிருமி கொல்வதில் அமிலம் அயனியைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகம்.

எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். 7.2-இல் மூன்றில் இரண்டு பங்கு அமிலம். 7.5-இல் பாதி. 8.0-இல் கால்வாசி. 8.4-க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு சொச்சம். காசு கொடுத்து வாங்கிக் கொட்டிய மருந்தில் பெரும்பகுதி சும்மா மிதக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் எல்லைப்புறத்தின் கதை வருகிறது. பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணி. கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைய. பூமிக்குள் அழுத்தத்தில் கரைந்திருந்த கரியமில வாயு, குளத்துக்கு வந்ததும் கோலி சோடா திறந்த மாதிரி வெளியேறுகிறது. வாயு போகப் போக பி.எச். ஏறும். அழகுக்காகச் செயற்கை அருவி வைத்தவர்கள் நாள் முழுக்க சோடாவைக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள், பி.எச். இன்னும் வேகமாக ஏறும். பாலக்காடு தாண்டி மேற்கே செம்பாறை மண் கிணறுகளில் கதை தலைகீழ். தண்ணீர் மென்மையானது, அமிலத்தன்மை உடையது. அங்கே குளோரின் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கூடவே டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டையும் ஏணியின் உலோகத்தையும் அரிக்கும்.

ஆகவே மருந்தும் தண்ணீரைப் பார்த்துத்தான். மேற்கே கால்சியம் ஹைப்போகுளோரைட் கிரானுல்ஸ் நல்லது. தண்ணீருக்கு இல்லாத கால்சியத்தையும் சேர்த்துத் தரும். பி.எச். நிலைக்காமல் ஆடினால் சமையல் சோடா போடலாம், நம் குளத்துக்கு 670 கிராம் போட்டால் காரத்தன்மை 10 பி.பி.எம். கூடும். கிழக்கே அதே கிரானுல்ஸ் போட்டால் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பு இன்னும் கூடி, டைல்ஸில் வெள்ளைப் பொருக்கு கட்டும். அங்கே ஹைப்போ திரவமும், பி.எச். இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும். அமிலத்தை ஒரு தடவைக்கு 250 மில்லிக்கு மேல் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கம் விட்டு, நாலு மணி நேரம் கழித்து அளந்து பார்த்து, தேவையானால் மறுபடியும். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவே நின்றால் போதும்.

அடுத்த திருடன் வெயில். சித்திரை வெயிலில் திறந்த குளத்துக் குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கும் கீழே போய்விடும். புற ஊதாக் கதிர் அதை உடைத்துவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் சயனூரிக் அமிலம் என்ற ஸ்டெபிலைசர். குளோரினை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, செலவாகச் செலவாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விடும். 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் நல்லது. கூடினால் முடிச்சு இறுகிவிடும், மருந்து இருந்தும் வேலைக்கு வராது.

வாசகர் மாட்டியிருப்பது இந்த முடிச்சில்தான். கடையில் கிடைக்கும் டி.சி.சி.ஏ. (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரையின் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலம். 200 கிராம் மாத்திரை ஒன்று போட்டால் நம் குளத்தில் 2.8 பி.பி.எம். ஏறும். மாதம் 15 மாத்திரை என்றால் 40-ஐத் தாண்டும். மூன்று மாதத்தில் 120. குளோரின் ஆவியாகிவிடும், இது ஆகாது, வடிகட்டியிலும் நிற்காது. தண்ணீரை மாற்றுவது ஒன்றே வழி: பாதி மாற்றினால் 60. மழைக்காலத்தில் மட்டும் முழுக்க வடிக்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலிக் குளம் ஓடம் மாதிரி மேலே எழும்பி, பைப்பெல்லாம் முறிந்த வீடுகள் உண்டு.

சரி, அந்த நெடி? அது குளோரின் நெடி அல்ல, குளோரின் செத்த நெடி. வியர்வையும் சிறுநீரும் தரும் அம்மோனியாவோடு சேர்ந்து அது குளோரமீன் ஆகிறது. முதலில் மோனோ, பிறகு டை, கடைசியில் கண்ணை எரிக்கும் டிரை. போதுமான குளோரின் கிடைத்தால் பெரும்பகுதி நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். பாதி வழியில் நிறுத்தினால்தான் நாற்றம். அதனால் ஷாக் (ஒரே தடவையில் நிறையக் குளோரின் போடுவது) அரை டோஸில் கொடுப்பது கொடுக்காததைவிட மோசம். மொத்தக் குளோரினிலிருந்து, எதனோடும் சேராமல் வேலைக்குத் தயாராக இருக்கும் தனிக் குளோரினைக் கழித்தால் வருவது கட்டுண்ட குளோரின். அதைப்போல் பத்து மடங்கு ஒரே தடவையில் போட வேண்டும். அது 1.2 என்றால் 12 பி.பி.எம்., கிரானுல்ஸ் 740 கிராம். பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள், பகலில் போட்டால் பாதியை வெயில் தின்றுவிடும். இறங்குவதற்கு முன் 4-க்குக் கீழ் வந்ததா என்று பாருங்கள். ஸ்டெபிலைசர் 120-இல் நிற்கும் குளத்தில் இந்த ஷாக்கும் பலிக்காது. முதலில் தண்ணீர் மாற்றம், பிறகுதான் ஷாக்.

மஞ்சள் நிறம் காட்டும் மலிவு கிட் இங்கே காலை வாரும். அது இரண்டையும் பிரிக்காமல் மொத்தத்தைக் காட்டும், செத்த குளோரினையும் உயிரோடு கணக்கெடுக்கும். இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். அதிலும் ஒரு சூட்சுமம். சோதனைக் கரைசலை விட்டதும் சிவப்பு ஒரு கணம் மின்னி வெளுத்துப் போனால் குளோரின் இல்லை என்று நினைக்காதீர்கள், அளவுக்கு மீறி இருப்பதால் நிறத்தையே வெளுத்துவிட்டது. பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். ஸ்டெபிலைசருக்குத் தனிச் சோதனை: கலங்கிய கரைசலைக் குழாயில் ஊற்றிக்கொண்டே வந்து, அடியிலுள்ள கரும்புள்ளி மறையும் இடத்தில் அளவு பார்ப்பது. குளம் கட்ட லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள் இந்த கிட்டில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை. பாசி பிடித்தால் திருஷ்டி என்று எலுமிச்சை கட்டுவதற்கு முன் அந்தக் கரும்புள்ளியைப் பார்க்கலாம்.

வடிகட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கு ஏழாயிரம் லிட்டர் தள்ளும் மோட்டார், தினம் ஆறு மணி நேரம். மணல் வடிகட்டியின் அழுத்தம் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8, 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மூன்று நிமிடம் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவது), அரை நிமிடம் ரின்ஸ். மோட்டாரை நிறுத்தாமல், தண்ணீரின் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்பினால் உள்ளே கேஸ்கெட் கிழியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியும் குரும்பையும் கொண்டுவந்து கொட்டும்போது மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைக் காலையும் மாலையும் தட்ட வேண்டும்.

அமீபா விஷயம். 2024-லும் 2025-லும் கேரளத்தில் செய்தியான மூளைக்காய்ச்சலுக்குக் காரணமானவற்றில் முக்கியமானது நெக்லேரியா ஃபௌலேரி. வெதுவெதுப்பான நன்னீரும் அடி வண்டலும் அதற்குப் பிடித்த இடம். குடித்தால் வராது, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும். தனிக் குளோரினும் பி.எச்.சும் சரியாக இருந்து, சுவரையும் அடியையும் வாரம் ஒருமுறை தேய்த்து வேக்கம் பிடிக்கும் குளத்தில் அது தங்காது. தொலைக்காட்சி விவாதத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு பங்கு நம் ஊர் நீர்நிலைகளை மாதாமாதம் பரிசோதிக்கப் பணமாகக் கிடைத்தால் தேவலை.

இன்னும் உடனடி ஆபத்து, ஆழமான பக்கத்து அடிச் சல்லடை கண்ணுக்குத் தெரியாதபடி கலங்கிய தண்ணீர். மூழ்கிய பிள்ளையும் அதில் தெரியாது. சல்லடை தெரியாத அன்று யாரும் இறங்க வேண்டாம். அதன் மூடி உடைந்திருந்தாலும் அப்படியே, உறிஞ்சும் விசை முடியையும் கையையும் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் 1.2 மீட்டர் வேலி, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. மோட்டாருக்கும் விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்).

மாத்திரையையும் கிரானுல்ஸையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் குளோரின்தானே என்று ஒரே டப்பாவில் கொட்டினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலம் வேறு அறையில். கரண்டியும் தனித்தனி, ஈரம் படாமல்.