இரத்தப் புற்றுநோய்க்குத் தோலையும் ஏன் பார்க்கிறோம்?

சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட லுகேமியாவுக்காக (லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் வரும் ரத்தப் புற்றுநோய்) வருகிறவரிடம் சட்டையைக் கழற்றச் சொன்னால், "ரத்தத்துலதானே டாக்டர் பிரச்சினை?" என்பார். காது மடலின் மேல்விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். சொரசொரப்பாக, உரித்தால் திரும்பத் திரும்பப் பொருக்குக் கட்டும் சின்னப் புண் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சீப்பு கீறியது என்று விட்டிருப்பார்கள்.

சி.எல்.எல். உள்ளவர்களுக்குச் செதிள் செல் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். மெலனோமா என்ற, நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்று வந்தவர்களிடம் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றும், லிம்ஃபோமா வந்தவர்களிடம் மெலனோமாவும் ஓரளவு கூடுதலாகக் காணப்படுகின்றன. உடனே எல்லோரும் வெயிலைக் கைகாட்டுவார்கள். புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுப்பது உண்மை. ஆனால் வெயிலில் அதிகம் இருந்தவர்களுக்கு லிம்ஃபோமா குறைவாக வந்ததாகவே சில பெரிய ஆய்வுகள் காட்டின. ஆகவே இரண்டுக்கும் வெயிலே பொதுக் காரணம் என்பது நிற்காது.

என் சந்தேகமெல்லாம் எதிர்ப்பாற்றல் மீதுதான். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களைப் பாருங்கள். மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்குகிறோம்; அவர்களிடம் தோல் புற்றுநோய், லிம்ஃபோமா இரண்டுமே கூடுகின்றன. பலரது உடலில் சத்தமில்லாமல் இருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸை அடக்கி வைப்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவை தளர்ந்தால் அந்த வைரஸ் பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களைப் பெருக்கி லிம்ஃபோமாவில் கொண்டுபோய் விடலாம். தோலில் உருவாகும் கெட்ட செல்லைக் கண்டு அழிப்பதும் இதே காவல்தான். சி.எல்.எல்.லில் நோயே அந்தக் காவலைக் குலைக்கிறது. உறுப்பு மாற்றுக்குப் பின் கொடுக்கப்படும் அசாதயோபிரின் மருந்து இன்னும் ஒரு படி மேல்: எதிர்ப்பாற்றலைக் குறைப்பதோடு தோலைப் புற ஊதா-ஏ கதிருக்குக் கூச வைக்கிறது.

தோல் புற்றும் ரத்தப் புற்றும் சேர்ந்து வர வேறு வழிகளும் உண்டு. தொடக்ககால எக்ஸ்-ரே மருத்துவர்களின் கைகளில் தோல் புற்று வந்தது. லுகேமியாவும் அவர்களை விடவில்லை. பாலிசைத்தீமியா என்ற, சிவப்பணுக்கள் மிகையாகும் ரத்த நோய்க்கு ஆண்டுக்கணக்கில் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தோல் புற்று வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். போட்1 மரபணுக் கோளாறு மெலனோமா, சி.எல்.எல். இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆனால் அது அபூர்வம்.

பேசல் செல் கட்டி என்ற மெதுவாக வளரும் தோல் புற்றை அகற்றிக்கொண்டவர் பயந்துபோய் லுகேமியா பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் நாலு வாரமாகியும் ஆறாத புண்ணை யாரானாலும், குறிப்பாக ரத்தப் புற்றுநோயோ உறுப்பு மாற்றோ உள்ளவர், காட்டி, தேவைப்பட்டால் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும். ரத்தப் புற்றுநோயோ உறுப்பு மாற்றோ உள்ளவர்களுக்குத் தோல் புற்று வேகமாகப் பரவலாம், அகற்றினாலும் திரும்ப வரலாம். கருத்த நிறத்தவர்களுக்கு வெயில் படாத இடங்களிலும் வரும் என்பதால் உள்ளங்கால், பிறப்புறுப்புப் பகுதியையும் கூச்சப்படாமல் காட்டுங்கள்.