முழங்காலுக்குப் போட்ட மாத்திரை

கம்பத்தில் எங்கள் தெருவிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்கு. பக்கத்து வீட்டு அக்காவும் அதில்தான் போகிறார். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்தால் முழங்காலும் இடுப்பும் சும்மா இருக்குமா? கடுங்காப்பியோடு ஒரு ‘செட்’ போட்டுக்கொண்டுதான் வண்டி ஏறுவார். மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால், மூன்று நான்கு மாத்திரைகளை உதிரியாக வெட்டிக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்களே, அதுதான்.

ஒருநாள் அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்தேன். டைக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரை ஒன்று. கேஸ் மாத்திரை ஒன்று. மூன்றாவது வெள்ளையாக, வட்டமாக இருந்தது; பெயர் இருந்த பக்கம் கத்தரியோடு போய்விட்டது.

வலி மாத்திரை நேராக முழங்காலுக்குப் போகும் என்பது அக்காவின் நம்பிக்கை. அதற்கு அப்படி வழி தெரியாது. குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும்; முழங்காலில் செய்வதையே இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் செய்யும். இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை, அதே வேலை வேண்டாத இடத்தில் நடப்பதுதான்.

அப்படி என்ன வேலை? அடிபட்ட, தேய்ந்த இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் இந்தத் தயாரிப்பைத்தான் முடக்குகிறது என்று பிரிட்டிஷ் மருந்தியல் விஞ்ஞானி ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. எழுபது வருடத்துக்கு மேல் உலகம் ஆஸ்பிரினை விழுங்கிய பிறகுதான் இது தெரிந்தது! டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேலை செய்வதும் இப்படியே.

ஆனால் இரைப்பையின் உள்சுவரில் வழுவழுப்பான பூச்சைக் காத்து, அமிலம் சுவரை அரிக்காமல் பார்த்துக்கொள்வதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதை நிறுத்தினால் நாளடைவில் புண். சிலருக்கு ரத்தக்கசிவு, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும். செட்டில் அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை ஏன் இருக்கிறது என்று இப்போது புரியும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையலாம், சரி. ஆனால் மருந்து ரத்தத்தின் வழியாகவும் இரைப்பைக்கு வந்து சேர்வதால் சோறு மட்டும் காப்பாற்றிவிடாது. "ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பதும் தப்புக் கணக்கு.

சாப்பாடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. குமுளிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அக்காவிடம் "பட்சணத்துக்கு சேஷம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மலையாளத்தில் ‘சாப்பாட்டுக்குப் பிறகு’. அக்கா இரண்டு முறுக்கைத் தின்றுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், ஒரு வாரம்.

அவர் விஷயத்தில் வயிற்றைவிடச் சிறுநீரகம்தான் எனக்குக் கவலை. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டார். உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் போகும் குழாயைச் சுருங்காமல் பிடித்துவைப்பது புரோஸ்டாகிளாண்டின். போதாததற்கு பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறார். அது வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தும். வலி மாத்திரையால் வரத்து சுருங்கி, இதனால் வடிகாலும் தளர்ந்தால், வடிகட்ட அழுத்தம் ஏது? வலி மாத்திரை பிரஷரை ஏற்றிவிடவும் கூடும். பாறுக் கழுகுகள் இந்தியாவில் கூட்டம் கூட்டமாகச் செத்ததும், மாடுகளுக்குப் போட்ட இதே டைக்ளோஃபினாக் செத்த மாட்டைத் தின்றபோது உள்ளே போய், சிறுநீரகம் கெட்டுத்தான். கால்நடைகளுக்கு அதை 2006இல் தடை செய்தார்கள்.

காய்ச்சல் வந்தால் இன்னொரு குழப்பம். குமுளியில் ஒரு மாத்திரை, கம்பத்தில் ஒரு செட். பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. உள்ளே இரண்டிலும் பாராசிட்டமால். அளவோடு இருந்தால் நல்ல மருந்துதான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டால் 3,900 ஆகிவிடும். குடிப்பவர்களுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும், கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து முடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரலையே தாக்கும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை.

அதற்காக எல்லா மாத்திரையையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், பெரும்பாலும் தானே அடங்கும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கலாம், எனலாப்ரில் வறட்டு இருமல் தரலாம். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். உதடும் முகமும் வீங்கி மூச்சு முட்டினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பக்கவிளைவை நாமே அரசுக்குத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

போன வாரம் மெடிக்கலில் அக்காவைப் பார்த்தேன். கடைக்காரப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அட்டையில பேரு இருக்கற பக்கத்த வெட்டாமக் குடு தம்பி. குமுளி டாக்டர்கிட்ட காட்டணும்."