முழங்காலுக்குப் பின்னால் ஒரு துடிப்பு

ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "வெடிச்சிடுமா டாக்டர்?" வயிற்றில் இருக்கும் மகாதமனி என்றால் அந்தப் பயம் நியாயம்தான். முழங்காலுக்குப் பின்புறம் ஓடும் தமனியில் வீக்கம் வந்தால் கதை வேறு. அது வெடிப்பது அபூர்வம். உள்ளே ரத்தம் உறைந்து காலுக்கே வேட்டு வைத்துவிடும்.

ஏன் உறைகிறது? வாய்க்கால் தண்ணீர் ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து வண்டல் படியுமே, ஏறக்குறைய அப்படித்தான். குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், அதே அளவு ரத்தம் போகும்போது சராசரி வேகம் கால் பங்காகிவிடும். அதோடு போனால் பரவாயில்லை. நடுவில் இருக்கும் ரத்தம் நேராகப் பாய்ந்து போய்விட, ஓரத்தில் இருப்பது திரும்பிச் சுழல்கிறது, அந்தச் சுழலில் மாட்டிய தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள், சுவருக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. ரத்தம் சீராக உரசிக்கொண்டு ஓடினால்தான் குழாயின் உட்புறச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு போன்ற, உறைதலைத் தடுக்கும் பொருட்களைப் போதுமான அளவு சுரக்கும். உரசல் குறைந்தால் அந்தக் காவலும் தளர்ந்து, உறைந்த ரத்தக் கட்டி அடுக்கடுக்காகப் படியும்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. கட்டி வீங்கிய பகுதியை நிரப்பி, நடுவில் பழைய அளவுக்கே வழி விட்டிருந்தால் ஆஞ்சியோவில் குழாய் நன்றாக இருப்பது போலவே தெரியும், அதில் தெரிவது சாயம் ஓடும் வழி மட்டும்தானே. டாப்ளர் ஸ்கேன் சுவரையும் கட்டியையும் சேர்த்துக் காட்டும்.

அறுபதைத் தாண்டிய ஒருவர், பல வருடம் பீடி பிடித்தவர், இரண்டு கால்விரல்கள் நீலம் பூத்து வந்தார். வேறொரு இடத்தில் சர்க்கரைப் புண்ணின் ஆரம்பம் என்று களிம்பு கொடுத்திருந்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் கை வைத்தேன், நாடி அகலமாக விரல்களை முட்டியது. அந்த இடத்தில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் சந்தோஷப்படக் கூடாது. கட்டியிலிருந்து உதிர்ந்த துணுக்குகள்தான் விரல்களை அடைத்திருந்தன.

வீக்கம் 2 செ.மீ. தாண்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம், உள்ளே கட்டி இருந்தால் அதற்கு முன்பேகூட. இவருக்குத் தொடையின் நரம்பை, அதாவது சிரையை, எடுத்து பைபாஸ் செய்தோம். சுமார் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் வீக்கம் இருக்கும் என்பதால் மறுகாலையும், கூடவே வயிற்று மகாதமனியையும் ஸ்கேன் செய்தோம். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள், சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

வயிறு சரியாக இருந்தது. மறுகாலில் சின்ன வீக்கம், அதற்காக ஸ்கேனுக்கு ஒழுங்காக வருகிறார். பீடியை விட்டாச்சு என்கிறார், சட்டைப்பையில் தீப்பெட்டி எதற்கு என்று நானும் கேட்கவில்லை.