‘சதர்ன்’ புனைகதை: தென்னகமா, தெற்கத்தியா?

அண்மையில் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் தென்பகுதி நகரமான அட்லாண்டாவில் பிறந்து, அந்நகரையே தம் கதைகளின் களமாகக் கொண்டு, ஆங்கிலத்தில் ‘சதர்ன்’ எழுத்தாளர் எனப்படும் டயாரி ஜோன்ஸை, மேடையில் பேசியவர் மூன்று முறை ‘தென்னமெரிக்க எழுத்தாளர்’ என்றார். அடுத்து வந்தவர் அதைத் திருத்துவதாக எண்ணித் ‘தென்னக எழுத்தாளர்’ என்றார். முதற்பிழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னமெரிக்கா என்பது பிரேசிலும் பெருவும் அடங்கிய வேறொரு கண்டம், நிலப்படத்தைப் பார்த்தாலே அந்தப் பிழை தீர்ந்துவிடும். இரண்டாவதுதான் கவலை தருகிறது, ஏனெனில் அது சரியான மொழிபெயர்ப்புப் போலவே ஒலிக்கிறது.

‘சதர்ன்’ என்பது தெற்கைக் குறிக்கும் ‘சவுத்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பெயரடை. அதன் வேரை ஞாயிற்றைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. நம் ‘தெற்கு’ ‘தென்’ என்னும் அடியிலிருந்து வந்தது. ‘தென்றல்’ அதன் உறவு. குறளின் ‘தென்புலத்தார்’ மறைந்த முன்னோர். வேர்ச்சொல் ஆய்வு இங்கே இதற்கு மேல் உதவாது, ஏனெனில் அமெரிக்கர் வாயில் இச்சொல் திசையைக் குறிப்பதை விட்டு நீண்ட காலம் ஆகிவிட்டது.

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம் அட்லாண்டாவைவிடத் தெற்கே இருக்கிறது. ஆயினும் அங்கே பிறந்தவரை யாரும் ‘சதர்னர்’ என்பதில்லை. புளோரிடாவில் வடக்கே போகப் போகத்தான் தெற்கு வரும் என்று அந்த மாநிலத்தாரே சொல்வார்கள். அவர்கள் பேசும் தெற்கு வரலாற்றால் வரையப்பட்டது. மேசன், டிக்சன் என்னும் இருவர் 1763 முதல் 1767 வரை அளந்த எல்லைக்கோடு பின்னாளில் அடிமைமுறை நிலவிய மாநிலங்களுக்கும் அது ஒழிந்த மாநிலங்களுக்கும் இடையிலான கோடாகப் பேசப்பட்டது; 1861-இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பில் 11 மாநிலங்கள் இருந்தன; இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையோ 16 மாநிலங்களையும் தலைநகர் வாஷிங்டனையும் சேர்த்துத் தெற்கு என்கிறது. எல்லை இப்படி நீண்டும் குறுகியும் வந்தாலும், அடிமைமுறையும், அதன் பின் வந்த நிறப்பாகுபாட்டுச் சட்டங்களும், அவற்றுக்கு ஈடுகொடுத்து வாழ்ந்த குடும்பங்களின் நினைவும் அச்சொல்லின் உள்ளீடாகவே இருந்து வருகின்றன.

‘தென்னகப் புனைவு’ என்று எழுதுவோர் சொல்லும் நியாயம், அது சுருக்கமானது, தூய தமிழ், ‘தமிழகம்’ போல அமைந்தது என்பது. தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் இங்கே அந்தத் தூய்மை பொருளை மறைக்கிறது. ‘தென்னகம்’ நம்மிடையே ஏற்கெனவே ஓர் இடத்தின் பெயர். விந்தியத்துக்குத் தெற்கே உள்ள நம் மாநிலங்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. ‘தென்னக ரயில்வே’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது. ஓர் இடத்தின் பெயரை எடுத்து இன்னோர் இடத்துக்குச் சூட்டினால், வாசகர் முதற்பக்கத்திலேயே வழிதவறுவார். ‘அமெரிக்கத் தென்னகம்’ என்று முன்னொட்டுச் சேர்த்தாலும் குறை முழுதும் நீங்குவதில்லை. ‘அகம்’ என்னும் ஈறு வீட்டையும் உள்ளத்தையும் சேர்த்தே உணர்த்துவது. ‘தமிழகம்’ என்னும்போது நமக்குப் பெருமிதம் எழுவது அதனால்தான். பருத்தித் தோட்டத்தில் விலைக்கு விற்கப்பட்டவரின் கொள்ளுப்பேத்தி எழுதும் கதைக்கு அந்தப் பெருமித ஈற்றை நாமே ஒட்டிக் கொடுப்பது தகாது. அவளுக்கும் அது சொந்த மண்தான், அந்த மண்ணின் மேல் அவளுக்குப் பாசமும் உண்டு. ஆனால் அது காயத்தோடு கலந்த பாசம். ‘தென்னகம்’ அந்தக் காயத்தைச் சொல்வதில்லை.

‘தென்வட்டார இலக்கியம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். வட்டாரம் என்றதும் நாம் காண்பது கரிசலும் கிராமமும். இன்றைய அட்லாண்டாவோ சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் பெருநகரம். ஜோன்ஸின் 2018-ஆம் ஆண்டு நாவலான ‘ஆன் அமெரிக்கன் மேரேஜ்’, அந்நகரில் வசதியாக வாழும் கறுப்பின இளந்தம்பதியரின் கதை. கணவனின் பெற்றோரைக் காண லூயிசியானாவின் சிற்றூருக்குப் போன இடத்தில், செய்யாத குற்றத்துக்காக அவன் கைதாகிறான். நிறமும் குடும்பமும் நகரமும் ஒரே முடிச்சில் விழுந்திருக்கும் இக்கதையை எந்த வட்டாரத்துக்குள் அடைப்பது?

நான் முன்வைக்கும் சொல் ‘தெற்கத்தி’. இதைக் கொச்சை என்று ஒதுக்குவோர், இச்சொல் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். ‘தெற்கத்திக்காரர்’ என்னும்போது நாம் ஒருவருடைய பேச்சின் இழுப்பையும், சமையலையும், உறவு கொண்டாடும் விதத்தையும் சேர்த்தே சொல்கிறோம். ‘சதர்னர்’ என்பதும் அதையே சொல்கிறது. மேலும் ‘தென்னகம்’ போல இது ஓரிடத்தோடு கட்டுண்ட பெயரன்று. பேசுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுவது. எந்த நாட்டுக்கும் ஒரு தெற்கத்திப் பக்கம் இருக்கலாம். 1910-களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களுக்குப் போனார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்குத் ‘தெற்கே’ அனுப்புவதென்றால் பாட்டி வீட்டுக்கு அனுப்புவது. 1970-களுக்குப் பின் பலர் அட்லாண்டாவுக்கும் ஹூஸ்டனுக்கும் திரும்பி வந்தார்கள். இப்படி உறவுச்சொல்லாகவே ஆகிவிட்ட ஒரு திசைப்பெயருக்கு, வாய்மொழியில் உயிரோடிருக்கும் நம் சொல்லே பொருந்தும். போர், சட்டம், தேர்தல் பற்றி எழுதும்போது மட்டும் ‘அமெரிக்கத் தென்மாநிலங்கள்’ என்பது போதும். அதைக் கதைக்குச் சூட்டினால் அரசாணை வாடை வரும்.

‘புனைவு’ என்பதையும் ‘புனைகதை’ என்றே எழுதக் கேட்கிறேன். ‘புனைவு’ அலங்காரத்தையும் பொய்யையும்கூடக் குறிக்கும். இவ்வளவையும் எண்ணிப் பார்க்க நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நேரம் தரப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை அப்படியே அச்சுக்கு அனுப்பும் வழக்கம் பின்னட்டைகளில் பெருகிவிட்டது. பின்னட்டையிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து மாணவரின் ஆய்வேட்டுக்கும் அப்பிழை போய்ச் சேர்கிறது. ‘அமெரிக்கத் தெற்கத்திப் புனைகதை’ என்று முதல் இடத்தில் முழுமையாகவும், பின்னர் ‘தெற்கத்திப் புனைகதை’ என்று சுருக்கியும் எழுதலாம். ‘அமெரிக்க’ என்பது முன்னே வரட்டும், ஒற்றும் விடுபடாமல் இருக்கட்டும். சொற்கள் இடம் மாறினால் மறுபடியும் பிரேசிலில்தான் போய் நிற்போம்.