நாம் வந்ததை விளக்கு எப்படி அறிகிறது?

சிங்கப்பூரின் மரினா பே கரையோரத்தில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய ஐ லைட் ஒளிக்கலை விழாவில், பிள்ளைகள் நகர மறுத்து நிற்பது பெரும்பாலும் ஆளின் அசைவுக்கு மறுமொழி தரும் படைப்புகளின் முன்புதான். அசைவை உணர்ந்து, அதற்குரிய நிறத்தைக் கணித்து, நூற்றுக்கணக்கான எல்இடி விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புவது வரையிலான வேலை முழுவதும் ஏறத்தாழ 100 மில்லிவினாடிக்குள் முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால், ஒளியை எழுப்பியது தாம்தான் என்ற உணர்வு பார்வையாளருக்குக் குறையத் தொடங்கும். இத்தகைய படைப்பின் உயிரே அந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது என்பேன்.

எளிய படைப்புகளில் ஆளைக் கண்டறிவது உடல் வெப்பத்தை உணரும் அகச்சிவப்பு உணர்கருவி. கழிவறை விளக்குகளைத் தானாக எரியவைப்பதும் அதுவே. அதனுள் அருகருகே இரண்டு படிகத் துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். சுற்றுப்புறம் முழுவதும் சூடேறினால் இரண்டிலும் ஒரே அளவு மின்னூட்டம் தோன்றி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால், அவரது வெப்பம் முதலில் ஒன்றிலும் பிறகு மற்றொன்றிலும் விழுவதால் சமநிலை குலைந்து சமிக்ஞை பிறக்கும். படமெடுக்க அசையாமல் நிற்பவரை அது மறந்துவிடுவது இதனால்தான். சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி செல்சியஸ். இங்கே இரவுக் காற்றே 27, 28 டிகிரியில் இருக்கும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தரையோ அதைவிடச் சூடாக இருக்கலாம். வேறுபாடு குறையக் குறைய உணர்கருவி எட்டும் தொலைவும் குறையும். ஆகவே குளிர்நாட்டில் சோதித்த படைப்பை இங்கே மறுபடியும் சரிப்படுத்தியாக வேண்டும்.

கூட்டம் நெரியும் இடத்துக்குத் தொலைவு அளக்கும் கேமராவே பொருத்தம். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் கணிக்கிறது. ஒளி 1 நானோ வினாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். 3 மீட்டர் தள்ளி நிற்பவரைத் தொட்டுத் திரும்ப 20 நானோ வினாடி போதும். வெயிலில் கலந்துள்ள அகச்சிவப்பு இக்கேமராவைத் திணறடிக்கும் என்பதால், விழா இரவில் நடப்பது இதற்கு வசதி.

உணர்ந்ததை நிறமாக்குவது எல்இடி பட்டை. பரவலாகப் பயன்படும் டபிள்யூஎஸ்2812 வகையில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சில்லு உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் வீதம் 24 பிட் தகவல் ஒரே கம்பியில் வரும். முதல் விளக்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பும். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ வினாடி என்றால், 1,000 விளக்குகளை ஒரே வரிசையில் கோத்தால் ஒருமுறை நிறம் மாற்றவே 30 மில்லிவினாடி ஆகிவிடும். பெரிய படைப்புகளில் விளக்குகளைப் பல வரிசைகளாகப் பிரிப்பது இதற்காகவே.

வரிசை நீண்டால் மின்சாரமும் சோதிக்கும். முழு வெண்மையில் இத்தகைய விளக்கு ஒன்று 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 300 விளக்குகளுக்கு 18 ஆம்பியர். மெல்லிய செப்புப் பட்டையில் அவ்வளவு மின்னோட்டம் ஓடும்போது, தொடக்கத்தில் 5 வோல்ட்டாக உள்ள மின்னழுத்தம் கடைசி விளக்கை அடைவதற்குள் சரிந்துவிடும். நீலமும் பச்சையும் எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். ஆதலால் முதலில் மங்குபவை அவ்விரண்டுமே. வெள்ளையாக இருக்க வேண்டிய வால்பகுதி செம்மஞ்சளாகிவிடும். இதைத் தவிர்க்கவே பட்டைக்கு இடையிடையே மின்சாரம் ஊட்டுகிறார்கள். 2008இல் மரினா பராஜ் தடுப்பணை திறக்கப்பட்ட பிறகு அந்தக் குடா நன்னீர்த் தேக்கமாக மாறியிருந்தாலும், அதற்கப்பால் கடல் இருக்கிறது. உப்பு ஈரம் ஓர் இணைப்பில் புகுந்து செம்பை அரித்தால், மின்தடை கூடி இதே நிறமாற்றம் தோன்றும். பட்டையின் ஒரு பகுதி மட்டும் சிவந்து தெரிந்தால், விளக்கைக் கழற்றுவதற்கு முன் அதற்கு மின்சாரம் வரும் இணைப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.