அறை எடுக்கும்போது இரண்டாவது படிக்கட்டைக் கேளுங்கள்

அண்மையில் தீப்பாதுகாப்பு ஆய்வுக்காக, ஒரு பெருநகரத்தின் நெரிசலான கடைவீதியில் இருக்கும் சிறிய பொட்டிக் ஹோட்டல் ஒன்றுக்குப் போயிருந்தேன். சுவரெங்கும் மரப்பலகை வேலைப்பாடு, கண்ணுக்கு இதமான விளக்குகள், வாசலில் சிரித்த முகங்கள் என எல்லாம் அழகாகவே இருந்தன. இரண்டாவது படிக்கட்டில் மட்டும் பழைய மெத்தைகளும் துவைக்கப்போகும் போர்வை மூட்டைகளும் மாடிக்கு மாடி அடைத்துக் கிடந்தன. ஏன் என்று கேட்டதற்கு, "நாலு மாடிதானே சார், ஒரே ஓட்டத்தில் இறங்கிவிடலாம்" என்றார் மேலாளர். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால், அறை எடுக்கும் உங்களிடமே பேசிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

டெல்லி கரோல்பாக்கில் இருந்த அர்பித் பேலஸ் ஹோட்டலும் அப்படியொன்றும் வானுயர்ந்த கட்டடம் அல்ல. 2019 பிப்ரவரி 12 அன்று விடிவதற்கு முன் அங்கே பிடித்த தீயில் 17 பேர் இறந்தார்கள். நடைபாதைகளில் ஒட்டியிருந்த மரப்பலகைகள் தீக்கு வழிவிட்டன, உள்ளிருந்தவர்களுக்கு வழி இல்லாமல் போனது. 2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில், கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனைக்கூடமும் மேலே தங்கும் விடுதியுமாக இருந்த கட்டடத்தில், கீழே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியாகவே மேலேறி 8 உயிர்களைக் கொண்டுபோனது. 2025 ஏப்ரல் இறுதியில் கொல்கத்தாவின் புர்ராபஜார் பகுதி விடுதித் தீயில் இறந்த 14 பேரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே மாண்டார்கள். கரூரிலிருந்து சுற்றுலா போன ஒரு தாத்தாவும் இரண்டு பேரக்குழந்தைகளும் அவர்களில் அடக்கம்.

என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு: "தீப்பிடித்தால் வாடை வரும், விழித்துக்கொள்வோம்" என்பது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது அடுப்பில் பால் பொங்கித் தீய்வதை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கும் மூக்கு, ஆழ்ந்த தூக்கத்தில் நம்மை எழுப்பும் என்று நம்ப முடியாது. சத்தம் எழுப்பும், வாடை பெரும்பாலும் எழுப்பாது. அதைவிட முக்கியமாக, புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால், தூங்குபவரின் தூக்கம் மயக்கமாக ஆழ்ந்துபோகும். தப்பித்தவறி விழித்தாலும் தலை சுற்றும், கால் சொன்னபடி கேட்காது. ஆகவே உங்களை எழுப்ப வேண்டியது கூரையில் இருக்கும் புகை உணர்கருவிதான். அறைக்குள் சிகரெட் பிடிப்பதற்காக அதன்மேல் குளியல் தொப்பியை மாட்டிவைக்கும் விருந்தினர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்; பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தீயணைப்புத் துறைச் சான்றைப் பார்த்தும் நிம்மதி அடைய வேண்டாம். அது ஆய்வு நடந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் வரும் நாளில் அவசரக் கதவில் பூட்டு இருக்காது, சங்கிலி உரசிய தடம் மட்டும் இருக்கும்.

எனவே பெட்டியை வைத்த கையோடு, இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்டு, கேட்டதோடு நிற்காமல் தரைத்தளம் வரை நீங்களே இறங்கிப் பாருங்கள். கதவு பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் வேறு விடுதி பாருங்கள், முன்பணம் போனால் போகட்டும். உங்கள் அறைக்கும் அந்தப் படிக்கட்டுக்கும் இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணி வையுங்கள், ஏனென்றால் புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவித்தான் போக வேண்டும். ஜன்னல் திறக்கிறதா, கம்பியும் கண்ணாடியும் போட்டு நிரந்தரமாக அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறுகலான சந்துகளுக்குள் பெரிய ஏணி வண்டி நுழையாது, கையால் தூக்கிச் சாத்தும் ஏணியும் ஏறத்தாழ மூன்றாம் மாடிவரைதான் எட்டும். ஆகையால் பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள், மேல்மாடியில் காட்சி நன்றாக இருக்கும் என்று ஆசைப்படாமல், தெருவைப் பார்த்த கீழ்மாடி அறையைக் கேட்டு வாங்குங்கள்.

இரவில் மணி அடித்தால் கதவை உடனே திறக்காதீர்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இல்லையென்றால் மெல்லத் திறந்து, புகை இருந்தால் தரையோடு குனிந்து, லிஃப்டைத் திரும்பியும் பாராமல் படிக்கட்டுக்குப் போங்கள், அறைச் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு. வழி அடைபட்டிருந்தால் அறைக்கே திரும்பிக் கதவைச் சாத்தி, ஈரத் துண்டுகளால் அடி இடுக்கை அடைத்து, 101 அல்லது 112 எண்ணை அழைத்து, விடுதியின் பெயரோடு மாடியையும் அறை எண்ணையும் சொல்லுங்கள்.